நிலைத்த எண்ணும் நிலையாப் பெயரும்: எண்ணிம நூலகத் தேடல் பற்றி ஒரு நோக்கு

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணி, ஒவ்வொன்றுக்கும் தனியொரு நூலக எண் வழங்கி வருவதை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். தலைப்பை எவர் எவ்வாறு எழுதினும் எண் மாறுவதில்லை. ஆயின், எண்ணை அறிந்தவனுக்கே எண் பயன்படும். அறியாதவன் பெயரைக் கொண்டே தேடவேண்டியவனாகின்றான்.

கண்டியிற் பிறந்த சித்தி லெப்பையை (1838-1898) எடுத்துக்கொள்வோம். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடக்கி, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டவர் அவர். சித்தி லெப்பை, சித்திலெவ்வை, முதலெழுத்துகளுடன் எம். சி. சித்தி லெப்பை எனப் பலவாறு அவர் பெயர் எழுதப்படுகின்றது. எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடுபொறிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். மறுதலையாக, அவர் பெயர் தாங்கிய கண்டிப் பாடசாலை பற்றிய செய்திகளும் அவருடையனவாகக் கலந்துவிடும்.

இக்குறையைக் கோட்டுருத் தரவுத்தளம் பெரிதும் நீக்கவல்லது. அதில் ஆள், நூல், பத்திரிகை, ஊர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணு. ‘எழுதினார்’, ‘நடத்தினார்’, ‘பிறந்தார்’ என்பன அவற்றிடையே அமையும் தொடுப்புகள். பெயர் வடிவங்கள் யாவும் ஒரே கணுவிற் சேர்ந்துவிடும். அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் பொருத்திப் பார்க்காது, தொடுப்பின் வழியே நடந்து செல்லலாம்.

நடக்கும் வழியிலேதான் இடறலும் உண்டு. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பெற்று 1883இல் இலங்கை வந்து, கண்டியிலும் வாழ்ந்தவர் ஒராபி பாஷா (இவர் பெயருக்கும் எழுத்துவடிவம் ஒன்றல்ல). 1892இல் கொழும்பில் உருவாகிய, பின்னர் சாகிராக் கல்லூரியாகிய பாடசாலையின் தோற்றத்தில் அவரும் சித்தி லெப்பையும் இணைந்து நின்றனர். இத்தொடுப்புக்குச் சான்றுண்டு. ‘அசன்பே சரித்திர’மும் எகிப்தைக் களமாகக் கொண்டது. நாவலிலிருந்து எகிப்துக்கும் அங்கிருந்து பாஷாவுக்குமாக இரண்டே அடியிற் சென்றடையும் மாணவன், பாஷாவின் தாக்கத்தாலேயே நாவல் பிறந்தது என எழுதிவிடுவான். தரவுத்தளம் அவ்வாறு கூறவில்லை. அவ்விரண்டையும் அங்கே சேர்த்தது வெறும் இடப்பெயரே. எண் இல்லாத நூல் காணாமற் போகும். சான்றில்லாத தொடுப்போ இலக்கிய வரலாறாகவே நிலைத்துவிடும். பின்னையதைத் திருத்துவது கடினம்.

ஆதலின், ஒவ்வொரு தொடுப்பும் அது எவ்வகையது என்பதையும், எந்நூலின் எப்பக்கத்தால் நிறுவப்படுகின்றது என்பதையும், அந்நூலின் எண்ணோடு தாங்கி நிற்றல் வேண்டும். இது கணினியறிஞர் மட்டும் செய்யக்கூடிய பணியன்று. ‘இவரே அவர்’ எனத் துணிவதற்குப் பழைய அச்சேடுகளைப் படித்தவர் தேவை.