கொண்டையைக் கடைசியில் பாருங்கள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் காலை வேளையில் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்றால் போதும். தெளிவான, உருண்டோடும் மூன்று நான்கு சுரங்கள் காதில் விழும். தேடிப் பார்த்தால் மின்கம்பியிலோ கொய்யாக் கிளையின் நுனியிலோ கூர்ங்கொண்டையோடு ஒரு பறவை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அது செம்மீசைச் சின்னான். சமவெளித் தோட்டங்களில் அதைவிடப் பரவலாகத் தென்படும் உறவுக்காரப் பறவை செங்குதச் சின்னான். ஊர்ப் பேச்சில் இரண்டுமே கொண்டைக்குருவிதான்.

இரண்டையும் பிரித்தறிய விரும்புபவரின் கண் முதலில் கொண்டைக்குத்தான் போகும். ஆனால் பறவையின் மனநிலையோடு மாறுவது கொண்டை. செங்குதச் சின்னான் அமைதியாக இருக்கும்போது கொண்டை படிந்து, தலை சற்றே சதுரமாகத் தெரியும். பூனையைக் கண்டாலோ சண்டைக்கு நின்றாலோ அதே கொண்டை சிலிர்த்து எழும். செம்மீசைச் சின்னானின் கொண்டை நீளமானது, கூரானது, பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்பது. வித்தியாசம் இருக்கிறதுதான். என்றாலும் எதிர்வெயிலில், இலை மறைவில், அரை நொடியில் அதை மட்டும் நம்ப முடியாது.

தேர்ந்த பறவை நோக்கர் உருவ அளவிலிருந்து தொடங்குவார். சின்னான் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். சிட்டுக்குருவியைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் மற்றப் பறவைகளின் அளவைச் சொல்லவே சின்னானை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்.

அடுத்தது நெஞ்சும் வயிறும். செம்மீசையின் அடிப்பக்கம் வெள்ளை. தோளிலிருந்து ஒரு கரும்பட்டை இறங்கி நெஞ்சின் குறுக்கே வரும். செங்குதத்துக்குத் தலையும் தொண்டையும் கருமை. முதுகிலும் நெஞ்சிலும் இறகின் ஓரங்கள் வெளிறியிருப்பதால் உடல் முழுக்கச் செதில் அடுக்கியது போன்ற தோற்றம். வாலடிச் சிவப்பு இரண்டுக்கும் பொது. பெயரிலேயே சிவப்பு இருக்கிறதே என்று அதை வைத்து முடிவுக்கு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பறவை பறந்துவிட்டால்? அப்போதும் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. செங்குதச் சின்னான் விலகிப் பறக்கும்போது வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். வால் நுனியும் வெள்ளை. செம்மீசைக்கு அந்த இடம் வெறும் பழுப்பு. முகத்தையே காட்டாமல் போன பறவையைக்கூட இந்த ஒன்றை வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாம்.

உண்மையான சோதனை இளம்பறவை. கூட்டை விட்டு வெளிவந்த செம்மீசைக் குஞ்சுக்கு மீசையே இருக்காது. கண்ணுக்குப் பின்னால் அந்தச் செந்திட்டு வளர நாளாகும். கொண்டை மங்கல், வாலடியோ சிவப்பாக இல்லாமல் வெளிறிய செம்மஞ்சள். புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது வேறேதோ புதுப் பறவை என்றே தோன்றும். அங்கே கைகொடுப்பவை வெண்கன்னமும், அதன் கீழ்விளிம்பில் ஓடும் மெல்லிய கருங்கோடும், வெள்ளை வயிறும். பக்கத்துக் கிளையில் பழத்தோடு தாயோ தந்தையோ வந்து உட்கார்ந்ததும் குஞ்சு இறக்கையை நடுக்கி இரை கேட்கும். சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. சின்னான்களில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் என்பதால், வந்தது தாயா தந்தையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

இடமும் ஒரு குறிப்புதான். வறண்ட புதர்க்காட்டில் செங்குதத்தையும், மரம் செழித்த மலைச்சரிவில் செம்மீசையையும் முதலில் எதிர்பார்க்கலாம். ஆனால் உண்ணிச்செடி பழுத்திருக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகவே மேயும். இலங்கைக்குப் போனால் வேலை பாதி குறைந்துவிடும். செம்மீசை அத்தீவின் இயற்கையான பறவை அல்ல, செங்குதம் மட்டும் ஊரெங்கும் உண்டு.

இரண்டையும் தயங்காமல் பிரிக்கப் பழகியவருக்கு அடுத்த சுவை செம்மீசையின் வால் நுனியில் இருக்கிறது. கிழக்கிந்தியாவில் வாழும் இனத்துக்கு அங்கே வெள்ளை உண்டு. நீலகிரியில் காணும் தென்னிந்திய இனத்துக்கு அது கிடையாது, நெஞ்சுப்பட்டையும் ஏறக்குறைய முழு வளையமாகவே இருக்கும். ஊட்டியில் பார்த்த பறவைக்கும் கொல்கத்தாவில் பார்த்த பறவைக்கும் பெயர் ஒன்றுதான். குறிப்பேட்டில் எழுத வேண்டிய வரிகள் வேறு.