வெட்டிவேர்ப் பைத்தியம்

நடிகருக்குக் கட்டவுட் வைத்துப் பால் ஊற்றுகிறவர்களைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தவன்தான் நான். இப்போது எங்கள் வீட்டுத் தோட்டத்து வெட்டிவேருக்கு ஒரு கட்டவுட் வைத்தால் என்ன என்று யோசிக்கிறேன். ஆமாம், புல்லுக்குத்தான்! அதற்கென்ன வெட்கம்?

எங்கள் கீழ்பென்னாத்தூர் வெயிலை நீங்கள் ஒருமுறையாவது பட்டிருக்க வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில், மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். அக்னி நட்சத்திரத்து மதியத்தை நினைத்துப் பாருங்கள்: ரோஜா கருகிக் கிடக்கிறது, குரோட்டன்ஸ் சுருண்டுவிட்டது, காசு கொட்டிப் போட்ட புல்தரையில் மாடுகூட வாய் வைக்காது. அந்த நேரத்தில் வேலியோரம் பாருங்கள், இடுப்பளவு உயரத்தில் பச்சைப் பசேலென்று ஒரு வரிசை, அனல் காற்றில் சரசரவென்று ஆடுகிறது! வெயில் தாழும்வரை பொறுக்காமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அதைப் பார்க்கவே வெளியே போய் நிற்பேன்.

ரகசியம் எல்லாம் அடியில் இருக்கிறது. வேர் பக்கவாட்டில் ஓடாது, நேரே கீழே இறங்கும். மூன்று மீட்டர் ஆழம் போவது இதற்குச் சாதாரணம். அருகு மாதிரி, கோரை மாதிரி தோட்டத்தைப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயமே வேண்டாம். நம் தென்னாட்டு ரகம் விதை விழுந்து முளைப்பதில்லை, தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. கடலூர்ப் பக்கத்து மணல் பூமியில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். என் நாற்று அங்கிருந்து வந்ததுதான். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் ஆடி மழைக்கு நட்டேன். முதல் சில மாதம் தண்ணீர் காட்டியதோடு சரி.

ஐப்பசி மழையில் பார்க்க வேண்டுமே! மேட்டிலிருந்து செம்மண் கரைந்து ஓடி வருகிற தண்ணீர் இந்த வரிசையில் முட்டி, வேகம் தணிந்து, மண்ணை அங்கேயே போட்டுவிட்டுத் தெளிந்து வடிகிறது. நனைந்துகொண்டே கைதட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “தம்பி, உள்ள போப்பா, சளி புடிக்கும்” என்கிறார்கள், யார் கேட்டது! ஜான் கிரீன்ஃபீல்ட் என்பவர் 1950களில் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் வெட்டிவேரை வைத்துத்தான் மண்ணரிப்பைத் தடுத்தார், 1980களில் உலக வங்கி இதைத் தூக்கிப் பிடித்தது, தாய்லாந்து மன்னர் பூமிபோல் நாடு முழுக்க நடச் சொன்னார். இதெல்லாம் எதற்கு, கர்நாடகத்தில் குண்டுலுப்பேட்டை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வரப்பில் வைத்திருக்கிறார்கள் என்று பெரியம்மாவிடம் திண்ணையோரமாக நின்று சொல்லி முடிப்பதற்குள் மழையே விட்டுவிட்டது.

ஆனால் வாசனை, ஐயோ, அந்த வாசனை! வேருக்கென்றே மணல் கலந்த மண் நிரப்பிச் சாக்குகளில் தனியாகக் கொஞ்சம் வளர்த்தேன், வேலியோரம் நிற்பதைத் தோண்டினால் கட்டிய மண் கலைந்துவிடுமே. ஒரு வருஷம் தாண்டியதும் சாக்கைக் கிழித்தேன் பாருங்கள், பொன்னிறத்தில் சடைசடையாக வேர், அதன்மேல் குழாய்த் தண்ணீர் பட்டதும் குப்பென்று ஒரு மணம் கிளம்பித் தோட்டம், சமையலறை, தெரு எல்லாம் ஏறி, முதல் மழையும் கோயில் பிரகாரமும் ஒன்றாகக் கலந்து மூக்குக்குள் இறங்கின மாதிரி, நான் சேற்றுக் கையோடு வீட்டுக்குள் ஓடி ஒவ்வொருவர் மூக்கிலும் ஒரு கொத்தை நீட்டி, பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சு, சாமி படத்துக்கு ஒரு சரம், தலையணைக்கடியில் ஒரு கற்றை, சட்டைப் பையில் ஒரு துண்டு என்று வைத்து, “புல்லுக்கா இவ்ளோ கூத்து?” என்று கேட்ட மனைவியே ராத்திரி இரண்டாவது சொம்பு பானைத் தண்ணீர் கேட்டபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே!

இலை ஓரம் கையைக் கொஞ்சம் அறுக்கும். அதனால் என்ன, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் போயிற்று. இப்போது பெரியம்மா வீட்டு வேலியோரம் நல்ல காலி இடம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. நாற்றை மட்டும் நேற்று இருட்டியதும் நட்டுவிட்டேன்.