கலமும் கலமாரும்

சொல்லாராய்ச்சியில் ஒலியொப்புமை ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்புக் கூற அதற்கு உரிமையில்லை. உக்ரேனிய மொழியில் மைக்கூட்டுக்குக் 'கலமார்' என்று பெயர். தமிழில் 'கலம்' என்பது பாத்திரம். மைக்கூடும் பாத்திர வகையே. ஒலியும் ஒத்தது, பொருளும் ஒத்தது. எனவே அச்சொல் தமிழ் ஈன்றதே என்று முழங்க நம்மவர்க்கு ஆசை எழும். அம்முடிவு பிழையாகும்.

கிரேக்கத்தில் 'கலமோஸ்' என்பது நாணல். நாணலைச் சீவி எழுதியமையால் எழுதுகோலுக்கும் அதுவே பெயராயிற்று. இலத்தீனில் 'கலமுஸ்' ஆகி, அதற்குரிய கூட்டின் பெயரையும் தந்து, போலிஷ் மொழி வழியே அச்சொல் உக்ரேனியத்தை அடைந்தது. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்தின் பெயராக விளங்கும் அரபுக் 'கலம்' என்னும் எழுதுகோலும் அக்கிரேக்க மூலத்ததே என்பர் அறிஞர் பலர். ஆகவே, கலமாருக்கு உறவு நம் அடுக்களைக் கலமன்று, மதரசாக் கலமே!

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையைக் கூறுகின்றன. அந்நாளில் ஓலைக்கு எழுத்தாணி வேண்டியிருந்தது. அவ்வூரை அடுத்த மானாம்பதிப் பிள்ளைகள் இன்று எடுப்பது பேனா. இறகைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல் அது. கருவி வந்தபோது பெயரும் உடன் வந்தது. இதனால் தமிழுக்கு இழுக்கில்லை.

இரவலை மறைக்கப் பொய் வேர் நடுவதே இழுக்கு. சொல்லுக்கு உரிமை கோருவோர் அது நடந்து வந்த வழியையும் காட்டுக. வழி காட்டாத ஆராய்ச்சி வெறும் ஆசையே.