கைக்காசு இல்லாமல் வாங்கும் வீடு

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டினால் 'வாடகைக் காசில் சொந்த வீடு, முன்பணம் தேவையில்லை' என்ற ரகத்தில்தான் விளம்பரங்கள். நிதி ஆலோசகர்கள் சிலரும் இப்போது இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். வாடகை போனால் போனதுதான், தவணையோ சொத்தாகச் சேர்கிறது என்பது அவர்கள் வாதம்.

அதில் ஒரு நியாயம் உண்டு. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடிக்கிறவர் பத்து லட்சம் சேர்ப்பதற்குள் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அப்பா சொத்து வைத்தவருக்கு மட்டுமே வீடு என்றிருப்பதும் சரியல்ல.

ஆனால் முழு விலைக்கும் வீட்டுக்கடன் தர ரிசர்வ் வங்கி விதி இடம் தரவில்லை. கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகவே 'முன்பணம் இல்லை' என்றால் ஏதோ ஒரு குறுக்குவழி இருக்கிறது என்று பொருள். வங்கி தராத மீதித் தொகைக்குத் தனிநபர் கடன் வாங்கவைப்பார்கள். அல்லது 50 லட்ச ரூபாய் வீட்டை ஒப்பந்தத்தில் அறுபத்திரண்டரை லட்சம் என்று எழுதுவார்கள். பின்னதில் பொய் விலைக்கு முத்திரைத் தீர்வையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

குறுக்குவழியைக்கூட விடுங்கள். என் ஆட்சேபம் வேறு: இப்படி வாங்கிய வீட்டிலிருந்து வெளியே வர முடியாது.

வங்கி தரும் தவணை அட்டவணையைப் பாருங்கள். 50 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் வரியிலேயே 35,417 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 7,974. ஐந்தாண்டில் 26 லட்சம் கட்டியிருப்பீர்கள், ஆனாலும் பாக்கி 44 லட்சம் நிற்கும். தவணை சொத்தாகச் சேர்கிறது என்பவர்கள் இந்த அட்டவணையை ஏன் காட்டுவதில்லை?

மூன்றாம் ஆண்டு முடிவில் வேலை போகிறது, அல்லது பெற்றோரைப் பார்க்க மதுரைக்கே போயாக வேண்டும் என்று வையுங்கள். பக்கத்திலேயே அதே பில்டர் புது பிளாக் விற்றுக்கொண்டிருப்பதால் உங்கள் பழைய பிளாட்டை 45 லட்சத்துக்குத்தான் கேட்கிறார்கள். கடன் பாக்கியோ 46.7 லட்சம். விற்பதற்கே கையிலிருந்து ஒன்றே முக்கால் லட்சமும் புரோக்கர் கமிஷனும் போட வேண்டும். அதே வீட்டை 10 லட்சம் முன்பணம் கட்டி வாங்கியவருக்கு பாக்கி 37.4 லட்சம், அவர் விற்றுவிட்டு ஏழரை லட்சத்தோடு வெளியேறலாம். வாடகைக்காரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்தச் சுதந்திரத்தைத்தான் வாடகையோடு சேர்த்து 'போனது' என்கிறார்கள்.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். பிறகு 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், கையகப்படுத்தல், ஏலம். ஏலத்தொகை போதாவிட்டால் மீதிக்கும் கடன் வாங்கியவர்தான் பொறுப்பு.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கு 1944இல் கொண்டுவந்த முன்பணமில்லாக் கடனை உதாரணம் காட்டுவார்கள். அங்கே கடனின் ஒரு பகுதிக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. இங்கே யார் தருகிறார்கள்? டெல்லி சுற்றுவட்டாரத்தில் வீடு கைக்கு வரும்வரை தவணையை பில்டரே கட்டுவார் என்றார்கள். பில்டர்கள் கைவிரித்தார்கள், வங்கிகள் வாங்கியவர்களிடமே பணம் கேட்டன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் தெரிந்தும், சேமிப்பே இல்லாத குடும்பத்திடம் இதை விற்பதை உதவி என்று என்னால் சொல்ல முடியாது. அது ஏமாற்று வேலை.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அறுபதாம் தவணை முடிந்ததும் அசல் பாக்கி எவ்வளவு? இதே வளாகத்தில் ஐந்து வயதான பிளாட் இன்று என்ன விலைக்குப் போகிறது? இரண்டாவது தொகை குறைவாக இருந்தால் வாடகை வீட்டிலேயே இருங்கள்.