எடை குறைந்த வில்

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமரிசனம் எழுதுகிற மாதிரி ஒரு வில்லுக்கும் எழுதலாம். நம்மூரில் இதை எடுத்துக்கொண்டு மான் தேடிப் போனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். அமெரிக்காவில் அப்படியில்லை. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, செப்டம்பரில் கொலராடோ மலைகளில் எல்க் என்கிற பெரிய மானை வில்லால் வேட்டையாட ஒரு சீஸனே உண்டு. ராமாயண சீரியலில் பார்த்த வில் அல்ல, காம்பவுண்ட் வில். மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1966ல் விண்ணப்பித்து 1969ல் பேட்டன்ட் வாங்கிய சமாசாரம்.

இரண்டு முனையிலும் கோணல்மாணலான சக்கரங்கள். நாணை இழுக்கும்போது 32 கிலோ பலம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இழுத்ததும் சக்கரம் திரும்பி 80 சதவிகித பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். விரலில் மிச்சம் ஆறரை கிலோதான். மான் திரும்புகிறவரை காத்திருக்கலாம்.

இப்போது கடைகளில் மவுசு கார்பனுக்கு. ரைசர் எனப்படும் நடுத்தண்டை அலுமினியத்துக்குப் பதில் கார்பன் இழையில் செய்கிறார்கள். ஹாய்ட் கம்பெனியின் கார்பன் மேட்ரிக்ஸ் 2010 மாடல். பி.எஸ்.இ.யின் 2016 கார்பன் ஏர் வெறும் 3.2 பவுண்டு, ஒன்றரை கிலோகூட இல்லை. அலுமினிய வில் சுமார் இரண்டு கிலோ. வித்தியாசம் ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதற்குச் சில நூறு டாலர் கூடுதல்.

விலையை விடுங்கள். லேசான வில் தோளுக்கு நல்லது, குறிக்கு நல்லதில்லை. பளு உள்ள பொருளைக் கை நடுக்கம் அவ்வளவு சுலபமாக அசைக்காது. லேசானது காற்றுக்கும் ஆடும், மூச்சுக்கும் ஆடும். அம்பு புறப்பட்டதும் மிஞ்சுகிற உதறலும் அதில் அதிகம் தெரியும். அதனால் என்ன செய்கிறார்கள்? எடை குறைந்த வில்லைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, முன்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு குச்சியில் எடை மாட்டுகிறார்கள்! அப்புறம் பார்வைக்குறி, அம்புக்கூடு, ஆறு அம்பு. விளம்பரத்தில் போடுவது இதெல்லாம் இல்லாத வெறும் வில்லின் எடை.

அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில் கொல்வதில்லை. 26 கிராம் அம்பின் நுனியில் உள்ள பிளேடுகள் நுரையீரலை வெட்ட வேண்டும். நாலு அங்குலம் பின்னால் போனால் குடலில் பட்டு, அந்தப் பிராணி மணிக்கணக்கில் புதருக்குள் படுத்துச் சாகும். தண்ணீர் பாட்டில் அளவு சௌகரியத்துக்கு இந்த ரிஸ்க் எனக்கு உவப்பாயில்லை.

மலையில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவருக்கும், தோள் பலம் குறைந்தவருக்கும் கார்பன் நியாயமான செலவு. நவம்பர் குளிரில் அலுமினியம் மாதிரி கையை உறைய வைக்காது என்பதும் நிஜமான சௌகரியம். மரத்தில் பரண் கட்டி காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறவருக்கு எடையைக் குறைத்து என்ன லாபம்?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சினர் யோசனை கேட்டால், எடையைக் கடைசியில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இழுப்பு நீளம். கைகளை விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, 2.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய வரும்; 70 அங்குலத்துக்கு 28. அப்புறம் எல்லா உபகரணங்களையும் மாட்டி, பத்து நிமிஷம் நடந்து மூச்சு வாங்கும்போது எய்து பார்க்கட்டும்.

அம்பு பூட்டாமல் மட்டும் நாணை விட்டுவிட வேண்டாம். அம்போடு போகவேண்டிய சக்தி வில்லுக்கே திரும்பி, அதன் கைகள் பிளந்துகொள்ளலாம். கடைக்காரர் முதலில் முறைப்பார். அப்புறம் பில் நீட்டுவார்.