மேல்வாசல், கீழ்வாசல்

நகரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஜேன் ஜேக்கப்ஸ் பேரைச் சொல்லாமல் நகர்வதில்லை. கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகளுக்கு 'அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும்' என்ற அவருடைய 1961ஆம் வருசத்துப் புத்தகம் ஏறக்குறைய வேதம். வேதம் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும்தான். ஆனாலும் இந்தப் புத்தகத்தை மதிக்காமல் இருக்க முடியாது. கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு பெண், நியூயார்க்கைத் தன் இஷ்டத்துக்கு இடித்துச் சாலை போட்டுக்கொண்டிருந்த ராபர்ட் மோசஸ் என்ற பேரதிகாரிக்கு எதிராகத் தெருவில் இறங்கி நின்றார். வரைபடத்தில் கோடு கிழித்து ஏழைகளின் குடியிருப்பைத் துடைத்துப் போடுவது திட்டம் இல்லை, அழிப்பு என்று எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகம் இருக்கிற மார்னிங்சைடு ஹைட்ஸ் பகுதியையே அதற்கு உதாரணமாகக் காட்டினார். பூங்கா, கல்லூரி வளாகம், திறந்த வெளி என்று திட்டப் புத்தகம் கேட்கிற எல்லாம் அங்கே இருந்தும் பகுதி சீரழிந்தது. அதைச் சரிசெய்கிறோம் என்று குடியிருப்புகளை இடித்துப் புதுசாகக் கட்டினார்கள், இன்னும் வேகமாகச் சீரழிந்தது என்றார். இதெல்லாம் சரி.

அதே புத்தகத்தில், பூங்காக்களைப் பற்றிய அத்தியாயத்தில், போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் மார்னிங்சைடு பூங்காவில் தனக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து விளையாட்டுக் கூடம் கட்டத் திட்டம் போடுகிறது, ஆட்கள் பயந்து ஒதுக்கின பூங்காவுக்கு இது நல்லது என்கிற அளவில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டே வாக்கியம். படிக்கிறவர் கண்ணில் படாமலே போய்விடும். ஏழு வருசம் கழித்து அந்த ஜிம்னேசியத்தை முன்னிட்டுத்தான் கொலம்பியா பல்கலைக்கழகமே ஸ்தம்பித்தது.

மார்னிங்சைடு பூங்கா சமதளம் அல்ல, செங்குத்தான பாறைச் சரிவு. தெரு போட முடியாத இடம் என்பதால்தான் அது பூங்காவானது. மேலே, மேட்டில், பல்கலைக்கழகம். கீழே ஹார்லெம், கறுப்பு மக்கள். மேல், கீழ் என்பது அங்கே வெறும் உவமை இல்லை, நிலமே அப்படிக் கிடக்கிறது. இந்தச் சரிவில், பொதுமக்களுடைய பூங்காவில், 2.1 ஏக்கரை நகராட்சி 1961இல் கொலம்பியாவுக்கு நூறு வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை வருசத்துக்கு 3,000 டாலர். மாதம் 250 என்று வருகிறது. கட்டப்போகிற கட்டடத்தின் மதிப்போ ஒரு கோடி டாலருக்கும் மேல்.

கட்டடத்தின் வடிவம்தான் கவனிக்க வேண்டியது. மேல் தளங்கள் முழுக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. அவர்கள் மேட்டுத் தெருவிலிருந்து நேராக உள்ளே போகலாம். ஹார்லெம்காரர்களுக்கு அடித்தளத்தில் ஒரு பகுதி. மொத்த இடத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு. அவர்களுக்கு வாசல் கீழே, சரிவின் அடியில். எதிர்ப்புக் கிளம்பின பிறகு அவர்கள் பங்கில் ஒரு நீச்சல் குளத்தைச் சேர்த்தார்கள். வாசல் மட்டும் மாறவில்லை.

இதற்குச் சொன்ன சமாதானம், நிலத்தின் அமைப்பே அப்படி என்பது. சரிவில் கட்டினால் மேலே இருந்து வருகிறவனுக்கு மேலே வாசல், கீழே இருந்து வருகிறவனுக்குக் கீழே வாசல், இதில் என்ன இனவெறி? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நமக்கு இந்த நியாயம் பழகினது. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவனும் சுத்தம் என்றுதான் சொன்னான், சாதி என்று சொல்லவில்லை. ஊரும் சேரியும் தள்ளித் தள்ளி இருப்பதற்கு மேட்டு நிலம், பள்ளத்து நிலம் என்று காரணம் சொல்கிறவர்களும் உண்டு. வாசல் நிலத்தைப் பார்த்து வைக்கப்படுகிறது என்பது உண்மையானால், மேட்டை யார் எடுத்துக்கொண்டான், பள்ளத்தை யாருக்கு விட்டான் என்ற கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும்.

ஹார்லெம் மக்களும் மாணவர்களும் இந்தக் கட்டடத்துக்கு வைத்த பேர் 'ஜிம் க்ரோ'. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிக் குழாய், தனி இருக்கை, தனிப் பள்ளி என்று பிரித்து வைத்த சட்டங்களுக்கு ஜிம் க்ரோ என்று பேர். ஜிம்னேசியத்துக்கும் ஜிம். ஆங்கிலத்தில் எழுத்து மாறும், ஒலி ஒன்றுதான். தமிழில் எழுதினால் எழுத்தும் மாறாது. கட்டடக் கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத விஷயத்தைத் தெருவில் நின்றவன் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டான். விமர்சனம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இங்கே நம்முடைய ஆள் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அதே மேட்டில், அதே கொலம்பியாவில், 1913 முதல் 1916 வரை படித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1916 மே மாதம் அங்கே ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். சாதி எப்படிப் பல்கிப் பெருகியது என்று விளக்க அவர் எடுத்துக்கொண்ட உருவகம் கதவு. ஒரு கூட்டம் தன்னைச் சுற்றிக் கதவடைத்துக்கொள்ளும்போது, வெளியே நிற்கிறவர்கள் தாங்கள் கேட்காமலே இன்னொரு கூட்டமாக ஆக்கப்படுகிறார்கள் என்பது அவருடைய வாதம். அம்பேத்கரின் பேரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பல்கலைக்கழகம்தான் கீழ்வாசல் வைத்த கட்டடத்துக்கு வரைபடம் போட்டது.

ஜேக்கப்ஸிடம் திரும்பி வருவோம். 1961இல் முழு வரைபடத்தை அவர் பார்த்திருக்க முடியாது என்று அவருக்காக வாதாடலாம். அந்தச் சமயத்தில் ஹார்லெமிலேயே ஜிம்னேசியத்தை வரவேற்றவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. பிள்ளைகள் விளையாட இடம் இல்லாத பகுதியில் எது கிடைத்தாலும் சரி என்று நினைப்பது தப்பில்லை. ஆக, அவருக்குத் தகவல் கிடைக்காததில் குறை சொல்லவில்லை. குறை அவருடைய முறையில் இருக்கிறது. ஓர் இடத்துக்கு ஆள் வருமா, எத்தனை பேர் வருவார்கள், எந்தெந்த நேரத்தில் வருவார்கள் என்று எண்ணுகிறார். ஆள் நடமாட்டம் இருந்தால் இடம் பிழைக்கும். வருகிறவன் எந்த வாசல் வழியாக வருகிறான் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கீழ்வாசலில் நூறு பேர் நுழைந்தாலும் நூறுதான். கணக்கு சரி, பூங்கா 'உயிரோடு' இருக்கிறது!

அவருடைய புகழ்பெற்ற கருத்தான 'தெருவின் மேல் கண்கள்' என்பதையும் இப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. கடைக்காரர், ஜன்னலில் நிற்கிற கிழவி, திண்ணையில் இருக்கிறவர் எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரு பாதுகாப்பாக இருக்கும் என்கிறார். யாருக்குப் பாதுகாப்பு? நம்ம ஆள் செருப்புப் போட்டுக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்காமல் ஊர்த்தெருவில் போனபோது அந்தத் தெருவில் கண்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு திண்ணையிலும் கண் இருந்தது. அந்தக் கண்கள்தான் சேதியை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின, சாயங்காலம் பஞ்சாயத்தைக் கூட்டின. கிராமம் சாதியின் கிடங்கு என்று அம்பேத்கர் கண்டதும், நகரத்தில் யாரும் யாரையும் தெரியாமல் நடக்க முடிவது நமக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் ஜேக்கப்ஸின் கிரீனிச் வில்லேஜ் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. இனப்பாகுபாடு பற்றி அவர் எழுதாதவர் இல்லை, சேரிகளைப் பற்றிய அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே எழுதினதைத் தெருவைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறார். இந்த மறதி எளிதில் வருகிற இடத்தில்தான் அவருடைய வீடு இருந்தது.

நடந்தது என்னவென்றால், 1968 பிப்ரவரியில் மண் தோண்ட ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் ஜிம்னேசியம் கட்டும் இடத்துக்குப் போய் வேலியைப் பிடுங்கினார்கள். பிறகு ஹாமில்டன் ஹாலைப் பிடித்தார்கள். மறுநாள் விடியுமுன் கறுப்பு மாணவர்கள் வெள்ளைத் தோழர்களைப் பார்த்து, நீங்கள் வேறு கட்டடத்துக்குப் போங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த உறவு, வியட்நாம், புரட்சி என்று பலதும் பேசின வெள்ளை மாணவர்களுக்கு ஜிம்னேசியம் பட்டியலில் ஒன்று. கறுப்பு மாணவர்களுக்கு அதுதான் பட்டியல். கட்டடத்தை ஒழுங்கோடு நடத்தினார்கள். ஹார்லெம் மக்கள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹார்லெம் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில்தான் நிர்வாகம் ஒரு வாரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. கட்டடக் கலை மாணவர்களும் தங்களுடைய ஏவரி ஹாலைப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 30 அதிகாலையில் போலீஸ் புகுந்து எழுநூறு பேர் அளவில் கைது செய்தது. மற்ற கட்டடங்களில் மண்டைகள் உடைந்தன. ஹாமில்டன் ஹாலில் உடையவில்லை.

ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 1969இல் ஜிம்னேசியத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பின்னாளில் '68 கொலம்பியா' என்று சொல்லப்பட்ட கதையில் வெள்ளை மாணவத் தலைவர்களின் படம்தான் பெரிசாக இருந்தது. ஸ்டீபன் பிராட்லி 2009இல் எழுதின 'ஹார்லெமுக்கு எதிராகக் கொலம்பியா பல்கலைக்கழகம்' போன்ற புத்தகங்கள் வந்த பிறகுதான் ஹாமில்டன் ஹால் நடுவுக்கு வந்தது. போராட்டத்துக்குள்ளேயும் மேல்வாசல் கீழ்வாசல் உண்டு. நம்ம இயக்கங்களுக்குப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டுக் கட்டடங்களை நிறுத்திவிடவில்லை. ஓரிகன் பல்கலைக்கழகம் 2013இல் கால்பந்துக்கென்று 6.8 கோடி டாலர் மதிப்பில் ஒரு மாளிகை திறந்தது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் 5.5 கோடியில் ஒன்று திறந்தது. அதில் மாடியிலிருந்து கீழே வழுக்கி இறங்கச் சறுக்குமரம், குட்டி கோல்ஃப், முடிவெட்டும் கடை எல்லாம் உண்டு. பத்திரிகைகள் வாய் பிளந்து படம் போட்டன. ஆட்டக்காரர்களில் பெரும் பங்கு கறுப்புப் பிள்ளைகள். அவர்கள் ஆடிச் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் சறுக்குமரம் வந்தது. ஆனால் கல்லூரி அவர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 2025இல் ஒரு நீதிமன்றத் தீர்வு வழியாகத்தான் வந்தது. கிளெம்சன் நின்றுகொண்டிருப்பது அடிமைமுறையை ஆதரித்து வாழ்நாள் முழுக்கப் பேசின ஜான் கால்ஹவுனின் தோட்டத்து மண். விளையாட்டரங்கை ஒட்டின குன்றில் உள்ள இடுகாட்டில், 2020 முதல் நடந்த தேடலில் 600க்கும் மேற்பட்ட அடையாளமில்லாத கல்லறைகள் தெரியவந்தன. அடிமைகளும், கல்லூரியைக் கட்டின கைதிகளும் அங்கே புதைந்திருக்கிறார்கள் என்று நம்பப்படுகிறது. ஆட்ட நாளில் அந்தக் குன்றில்தான் காரை நிறுத்திவிட்டுத் தின்று குடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

கொலம்பியா மறுபடியும் ஹார்லெமுக்குள் வந்தது. இந்தத் தடவை மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கர். அரசு அந்தப் பகுதியைச் 'சீரழிந்தது' என்று முத்திரை குத்தி, கொடுக்க மறுத்தவர்களின் நிலத்தைக் கட்டாயமாக எடுக்க வழி செய்தது. 2010இல் மாநில உச்ச மன்றமும் அது செல்லும் என்றது. வடிவமைத்தவர் ரென்சோ பியானோ. மதில் கிடையாது, கேட் கிடையாது, தரைத்தளம் முழுக்கக் கண்ணாடி, தெருவும் வளாகமும் ஒன்று கலக்கும் என்று சொன்னார்கள். எல்லாமே ஜேக்கப்ஸின் சொற்கள். கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம்தான். பழைய வளாகத்தின் வாசல்களையோ 2024 போராட்டங்களின்போது அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு மூடிவிட்டார்கள்.

ஜேக்கப்ஸின் புத்தகத்தை யாராவது முழுசாகத் தமிழாக்கினால் நல்லது, நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய புத்தகம். பூங்கா அத்தியாயத்தில் அந்த இரண்டு வாக்கியம் வருகிற பக்கத்தின் அடியில் மட்டும் ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள்: கட்டடம் வரவில்லை, தோண்டின குழி இருபது வருசம் போல அப்படியே கிடந்து பிறகு குளமானது, தோண்டவிடாமல் தடுத்தவர்கள் ஹார்லெம் மக்களும் ஹாமில்டன் ஹால் மாணவர்களும் என்று.