மூண்டதா, மூட்டினார்களா? – நமது யுத்தக் கவிதைகளில் எழுவாயைத் தேடி

2008 ஜனவரி 2ஆம் திகதி அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து அரசாங்கம் விலகுகிறது என்பதே அந்த முடிவு. நோர்வேக்கு அறிவித்தல் போனது. பதினான்கு நாள் கழித்து, 16ஆம் திகதி ஒப்பந்தம் செத்தது. அன்று காலை ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தின் புத்தல பகுதியில், ஒக்கம்பிட்டியவில் பயணிகள் பஸ் ஒன்றுக்குக் குண்டு வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சாதாரண சனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு வன்னியிலும் கிழக்கிலும் நடப்பதாக நாங்கள் பேப்பரில் வாசித்த யுத்தம், ஒப்பந்தம் முடிந்த அதே நாளில் எங்கள் மாகாணத்துக்குள் இறங்கியது.

அன்று நான் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். தைப்பொங்கலுக்கு மறுநாள் என்பதால் வகுப்பில் பாதிப்பேர்தான் இருந்தார்கள். பாட்டு கோவூர்கிழாருடையது. சோழன் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடொருவர் பொருதி நிற்கையில் புலவர் இடையில் போய் நிற்கிறார். உங்கள் இருவர் தலையிலும் இருப்பது ஒரே குலத்தின் ஆத்திப்பூ, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்ற பொருளில் எடுத்துச் சொல்கிறார். நான் பொருள் சொல்லி முடிக்கும்போது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், இந்தப் புலவரு போய்ச் சொன்னாரு. இப்ப போய்ச் சொல்றதுக்கு யாருமே இல்லையா சேர்?"

அந்தப் பிள்ளையின் மாமா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. இது எனக்குத் தெரியும். ஆகவே அது பாடக் கேள்வியல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து ஒரு கவிதை எழுதினேன். அதை ஒரு சிறுபத்திரிகை பிரசுரித்தது. இந்தக் கட்டுரை அந்தக் கவிதையைப் பற்றிய விமர்சனம் என்றும் கொள்ளலாம். என் கவிதையை மட்டும் வைத்துப் பேசுவது போதாது என்பதால், நமது யுத்தக் கவிதைகள் சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

என் கவிதையின் முதல் வரியில் யுத்தம் "மூண்டது". நாலாவது வரியில் குண்டுகள் "வெடித்தன". பிறகு மக்கள் "கொல்லப்பட்டனர்". கடைசியில் புறா ஒன்று பறந்தது. பல வருடம் கழித்து ஒன்பதாம் வகுப்புக்குத் தன்வினை, பிறவினை சொல்லிக் கொடுக்கும்போது, கரும்பலகையில் மூண்டது – மூட்டினான் என்று எழுதிய கை அப்படியே நின்றது. தீ மூண்டது என்றால் தீயே எழுவாய். தீயை மூட்டினான் என்றால் மூட்டியவன் ஒருவன் அங்கே வந்தே ஆகவேண்டும். என் கவிதையில் மூட்டியவன் எவனும் இல்லை. "கொல்லப்பட்டனர்" என்பது செயப்பாட்டு வினை. அதில் செய்தவனைச் சுட்டுவதற்கென்று மூன்றாம் வேற்றுமையின் "ஆல்" உருபு இருக்கிறது. அதை விட்டுவிட்டாலும் வாக்கியம் பிழையில்லாமல் நிற்கும். இலக்கணம் தந்த அந்தச் சலுகையை நான் பூரணமாகப் பயன்படுத்தியிருந்தேன்.

இது என்னுடைய தனிக்குறை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் நமது சஞ்சிகைகளில் வந்த சமாதானக் கவிதைகளை எடுத்துப் பார்த்தால், யுத்தம் பெரும்பாலும் ஒரு காலநிலை போலத்தான் வருகிறது. மழை பெய்தது, பனி விழுந்தது, யுத்தம் வந்தது. அதற்கு ஒரு கூட்டம் கூடியது, ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அந்த முடிவுக்குக் கைதூக்கியவர்கள் இருந்தார்கள் என்ற சாடையே இல்லை. பாருங்கள், இந்த வாக்கியத்திலேயே "எடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டேன். பழக்கம் அப்படி.

நமது பழைய மரபு இப்படி இருக்கவில்லை. தொல்காப்பியம் வெட்சித்திணைக்கு இலக்கணம் சொல்லத் தொடங்கும்போதே, அது வேந்தன் ஏவிய வீரர்கள் செய்வது என்று தொடங்குகிறது. ஏவியவன் முதலில், நிரைகவர்தல் பிறகு. புறநானூற்றுப் புலவர்கள் போரைப் புகழ்ந்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புகழ்ந்தாலும் இடித்துரைத்தாலும் எவன் செய்த போர் என்பதை மறைக்கவில்லை. ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். கோவூர்கிழாருக்கு அரசன் முன்னால் போய் நிற்க வழியிருந்தது. பசறையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் அப்படியொரு வழி இல்லை. 2003 பெப்ரவரி 15ஆம் திகதி இலண்டனிலும் ரோமிலும் இன்னும் எத்தனையோ நகரங்களிலும் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி ஈராக் யுத்தம் வேண்டாம் என்றார்கள். மார்ச் 20ஆம் திகதி யுத்தத்தைத் தொடங்கினார்கள். வாக்களிக்கும் சனங்களுக்கே கையாலாகாத நிலை என்றால், புலவனின் இடம் எங்கே என்பது நியாயமான கேள்விதான்.

அந்த ஈராக் யுத்தத்தின்போது நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக் கற்கை மாணவன். அப்போதும் ஒரு கவிதை எழுதினேன். அதில் புஷ் என்ற பெயர் மூன்று தடவை வருகிறது. பிளேயர் ஒரு தடவை. எல்லாம் செய்வினை, எல்லாவற்றுக்கும் எழுவாய் உண்டு. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவனைப் பெயர் சொல்லித் திட்டியவன், சொந்த நாட்டு அமைச்சரவையிடம் வந்ததும் தன்வினைக்கு மாறிவிட்டான். பக்தாதுக்கும் காஸாவுக்கும் நாம் எழுதிய கவிதைகளில் உண்மையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அவற்றில் இருந்த துணிச்சல் செலவில்லாத துணிச்சல் என்றே சொல்கிறேன்.

செலவு என்ன என்பதை நாடு காட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்தை 2008 மார்ச்சில் பிடித்தார்கள். யுத்தத்தில் அரசாங்கம் செய்வதைப் பற்றி எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்டில் அவருக்கு 20 வருடச் சிறை விதித்தார்கள். பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது. லசந்த விக்கிரமதுங்கவை 2009 ஜனவரி 8ஆம் திகதி நடுத்தெருவில் கொன்றார்கள். அரசாங்க ஆசிரியனுக்கு இதற்கு மேல் தாபன விதிக்கோவை வேறு. ஆகவே பயந்தவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் பயந்தவன். பயத்தைச் சமாதானம் என்று பெயர்மாற்றி எழுதியதைத்தான் குற்றம் சொல்கிறேன்.

நமது சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை நேர்மையாக எழுதாமல் இந்த விமர்சனம் முழுமையடையாது. 83 ஜூலையில் பதுளை பசார் எரிந்ததை வாப்பா கண்ணால் கண்டவர். தமிழர்களின் கடைகள் எரிந்த நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் கம்மும். அதே வாப்பா 2008இல் சொன்னார்: "மகன், எப்பிடியாச்சும் இது முடிஞ்சாப் போதும்." காரணம் இருந்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளியில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை அவர்கள் விரட்டினார்கள். 2006இல் மாவிலாறு மறிப்பிலிருந்து மூதூர் வரை வந்த சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டு ஓடியவர்களும் நமது ஆட்களே. பட்டவனுக்கு யுத்தத்தின் மேல் கோபம் வருவதைவிட, அதை யாராவது முடித்துவைக்கட்டும் என்ற ஆசை வருவது மனித இயல்பு. ஆனால் கவனியுங்கள்: புலிகள் செய்ததை எழுதும்போது மேலே நான் ஒரு செயப்பாட்டு வினையும் போடவில்லை. ஒக்கம்பிட்டியவுக்கும் எங்கள் ஊரில் எவரும் எழுவாயைத் தேடித் திரியவில்லை. அது சரியே. ஒரு பக்கத்துக்கு வருகிற எழுவாய் மறுபக்கத்துக்கு வராமல் போவதுதான் கோளாறு.

இதற்கு எங்கள் மாகாணத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 ஆகும்போது எல்லோரும் விடுதலை. சட்டத்தின் கண்ணில் அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை எழுவாய் இல்லை. நீதிமன்றம் கைவிட்ட எழுவாயை இலக்கியமாவது வைத்திருக்க வேண்டாமா?

வைத்திருந்த கவிதை நம்மிடம் உண்டு. எம்.ஏ. நுஃமானின் "புத்தரின் படுகொலை" 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைப் பற்றியது. பலரும் அதன் கற்பனையை, புத்தரையே சுட்டு நூல்களோடு எரிப்பதாக அமைத்ததை வியந்திருக்கிறார்கள். நான் வினைமுற்றுகளைப் பார்க்கச் சொல்கிறேன். புத்தர் இறந்த செய்தி முதலில் செயப்பாட்டிலே வருகிறது, பத்திரிகைச் செய்தி போல. அடுத்த வாக்கியமே செய்வினைக்குத் திரும்பி, சாதாரண உடையில் வந்த அரச காவலர்கள் என்று செய்தவரைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் இருட்டில் அமைச்சர்கள் வருகிறார்கள், பட்டியலைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, யார் எடுக்கிறார்கள் என்பது கவிதைக்குள்ளேயே நடக்கிறது. கோஷம் இல்லை, சாபம் இல்லை. எழுவாய் இருக்கிறது, அது போதுமாக இருக்கிறது. அதே 1981இல் நுஃமான் மொழிபெயர்த்த "பலஸ்தீனக் கவிதைகள்" நூலும் வந்தது. நமது தலைமுறை அதிலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டது. மஹ்மூத் தர்வீஷின் அடையாள அட்டைக் கவிதையில் "நான்" என்ற ஒருவனும், எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் அதிகாரி ஒருவனும் நேருக்கு நேர் இருப்பதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் சொல்ல முடியாத காலத்தில் என்ன செய்வது? அதற்கும் வழி காட்டியவர்கள் உண்டு. "எட்டாவது நரகம்" (1988) தந்த சோலைக்கிளி பிராணிகளையும் பொருள்களையும் விபரீதமாக நடக்கவிட்டு எழுதினார். செய்தவனைச் சொல்லவில்லையென்றாலும், நடந்தது இயல்பானதல்ல என்று ஒவ்வொரு படிமமும் சாட்சி சொல்கிறது. யுத்தத்தை அவர் காலநிலையாக்கவில்லை. அனாரின் "மேலும் சில இரத்தக் குறிப்புகள்" பெண்ணுடலின் இரத்தம், பிள்ளையின் கைக்காயத்து இரத்தம் என்று வீட்டுக்குள்ளிருந்து தொடங்கித் தெருவில் உறைந்த இரத்தம் வரை போகிறது. அங்கே கொன்றவன் பெயர் இல்லை. ஆனால் பார்க்கிற "நான்" ஒருத்தி இருக்கிறாள், இரத்தம் அவளை விடாமல் பின்தொடர்கிறது.

ஆகவே எனக்குப் படுவது இது. யுத்தத்தைப் பற்றி எழுதும் கவிதைக்கு நேர்மையான வழி இரண்டு. ஒன்று, செய்தவனைச் சொல்வது. அது முடியாதபோது, பார்த்துக்கொண்டு நின்ற தன்னைச் சொல்வது. இரண்டும் இல்லாத கவிதை புறாவை மட்டும் பறக்கவிடும். தீமையைக் கண்டால் கையால் தடு, முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் வெறு, அது ஈமானின் பலவீனமான நிலை என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். பலவீனமான நிலை என்றாலும் அதுவும் ஒரு நிலைதான். ஆனால் வெறுப்பதற்கு ஓர் உள்ளம் வேண்டும். "நான்" இல்லாத வரியில் யாருடைய உள்ளம் இருக்கிறது? அமைச்சரவை முடிவு செய்தபடி ஒப்பந்தம் முடிந்த அந்த ஜனவரி 16, முஹர்ரம் மாதம். போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களில் ஒன்று. அதைக்கூட என் கவிதை கவனிக்கவில்லை.

என்னுடைய "நான்" செய்ததை இப்போது எழுதிவிடுகிறேன். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த அறிவிப்பு வந்ததும் பதுளை நகரில் கொடி கட்டி, பட்டாசு கொளுத்தி, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் கிரிபத் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டை வாழையிலையில் வைத்து நீட்டினார்கள். மறுத்தால் யாரும் பார்ப்பார்களோ என்று பயந்தேன். வாங்கினேன். நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். நல்ல தேங்காய்ப்பால், உப்பு அளவாக இருந்தது. அந்த நேரம் அந்தப் பிள்ளையின் மாமா குடும்பம் எங்கே என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துச் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர்தான் மிச்சம். அந்தப் பிள்ளை அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டியது. இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கடிதம் அரைப்பக்கந்தான். மாமி எழுதியது. எழுத்துப்பிழை நிறைய. ஆனால் யார் எந்தப் பக்கத்திலிருந்து ஷெல் அடித்தார்கள், யார் போகவிடாமல் மறித்தார்கள், பிள்ளைகளை எங்கே கிடத்திவிட்டு வந்தார் என்று ஒவ்வொரு வரியிலும் எழுவாய் இருந்தது. தமிழ் சிறப்புப் பட்டதாரியான நான் எழுதிய கவிதையில் இல்லாத இலக்கணம் அதில் இருந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் காலத்துச் சஞ்சிகைகள் இருந்தால் எடுத்து, யுத்தக் கவிதைகளில் வினைமுற்றுகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். எத்தனை மூண்டன, எத்தனையை மூட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் கவிதை அகப்பட்டால் அதற்கும் போடுங்கள்.